ஆறு கேள்விகளும் ஏழாவது கேள்வியும்

"மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும்" என்று குழுவினர் கேட்டார்கள். கல்லணை பற்றியோ, நம்ம கல்லூரிக் கட்டடம் எழும்பிய கதையையோ எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு மருத்துவ வரலாறு. அதுவும் அமெரிக்க வரலாறு.

"இன்ஜினியருக்கு இதில் என்னப்பா வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் பிழைப்பு நடத்துவது மருத்துவப் பதிவேடுகளுக்கு மென்பொருள் எழுதி. நோயாளியின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் பதிகிறார்களே, அந்தத் திரைகளை வடிவமைப்பது எங்கள் வேலை. அந்த வகையில் அமெரிக்காவின் சிறு கிளினிக்குகளில் வேலை பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனர்கள் பலரோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. அவர்களுக்குப் பெரிய தலைவலி எது என்று விசாரித்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்தேன். சிலர் வேறு ஒன்றைச் சொன்னார்கள். முப்பது, நாற்பது வயதில் ஒருவர் வந்து உட்கார்ந்து, "எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்குமோ என்று சந்தேகம்" என்கிறாரே, அவரை என்ன செய்வது?

ஏ.டி.எச்.டி. என்பதைத் தமிழில் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்பார்கள். உட்கார்ந்த இடத்தில் உட்காராத பையன், பென்சிலைத் தினம் தொலைக்கும் பெண் என்றுதான் நமக்கு இது பழக்கம். பெரியவர்களுக்கு அது உண்டா? உண்டென்றால் கண்டுபிடிப்பது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருநூறு வருடக் கதை இருக்கிறது. அதில் சுவாரசியம் என்னவென்றால், இந்த நோயும் சரி, அந்த நர்ஸ் பிராக்டிஷனர் என்ற தொழிலும் சரி, இரண்டுமே குழந்தைகளிடம் ஆரம்பித்தவை. இரண்டும் வளர்ந்து பெரியவர்கள் உலகத்துக்கு வந்தன. பாடத்திட்டம்தான் பின்தங்கி வந்தது.

பிள்ளைகளின் வியாதி

1798-ல் அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் மனநோய்கள் பற்றி எழுதிய நூலில் கவனத்துக்கென்று ஒரு தனி அத்தியாயம் வைத்தார். ஒரு விஷயத்தில் மனம் நிலைக்காமல் தாவிக்கொண்டே இருக்கும் நிலையை அதில் விவரித்தார். அதற்குப் பிறகு நூறு வருடம் பெரிய சத்தம் இல்லை.

1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அறிவுக்குக் குறைவில்லை, வளர்ப்பிலும் குற்றமில்லை, ஆனாலும் தன்னைக் கட்டுப்படுத்த முடியாத குழந்தைகளைப் பற்றிப் பேசினார். அன்றைய மொழியில் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றார். பெயர் சரியில்லை. ஆனால் 'கெட்ட பிள்ளை' என்று அடிப்பதை நிறுத்தி, இதற்கு உடல்ரீதியான காரணம் இருக்கலாம் என்று யோசித்தது பெரிய அடிவைப்பு.

அடுத்த திருப்பம் தற்செயலாக வந்தது. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடத்தைக் கோளாறுள்ள குழந்தைகளுக்கான ஒரு விடுதி மருத்துவமனை இருந்தது. அங்கே சார்லஸ் பிராட்லி என்பவர் டாக்டர். அக்காலத்தில் மூளையை எக்ஸ்ரே எடுக்க முதுகுத்தண்டு நீரை வெளியே எடுப்பார்கள். அதனால் குழந்தைகளுக்குப் பயங்கரத் தலைவலி வரும். அதைத் தீர்க்க பென்சட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார் பிராட்லி. தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வகுப்பில் பிள்ளைகள் திடீரென்று ஒழுங்காகப் பாடம் படித்தார்கள்! 1937-ல் 30 குழந்தைகளிடம் கண்டதை அவர் வெளியிட்டார். அவர்களில் 14 பேருக்குப் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம். 'கணக்கு மாத்திரை' என்று பிள்ளைகளே அதற்குப் பெயர் வைத்தார்களாம்.

1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தைத் தயாரித்தார். அவர் மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா. அதிலிருந்து வந்ததுதான் ரிட்டலின் என்ற வணிகப்பெயர்.

1968-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியல் கையேட்டின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. டி.எஸ்.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நமக்கு ஐ.எஸ். கோட் மாதிரி அவர்களுக்கு அது. அதில் இந்தக் கோளாறு 'குழந்தைப் பருவ மிகை இயக்க எதிர்வினை' என்ற பெயரில் ஏறியது. பருவ வயதில் பொதுவாகக் குறைந்துவிடும் என்றும் அதில் எழுதியிருந்தது. ஒரு கையேட்டில் ஒரு வரி. அந்த வரியைப் படித்து வளர்ந்த டாக்டர்களும் நர்ஸுகளும் பெரியவர்களிடம் இதைத் தேடவே இல்லை. தேடாத பொருள் கிடைக்குமா?

பிள்ளைகளின் நர்ஸ்

இதே 1960-களில் இன்னொரு கதை ஆரம்பித்தது. கொலராடோ மாநிலத்தின் கிராமப்புறங்களில் லொரெட்டா ஃபோர்ட் என்ற பொதுச் சுகாதார நர்ஸ் வேலை பார்த்தார். டாக்டர்கள் மிகக் குறைவு. குழந்தைகள் நலச் சந்திப்புகளை நர்ஸுகள்தான் சமாளித்தார்கள். செய்கிற வேலையை முறையாகக் கற்றுக்கொடுத்து, பொறுப்பையும் கொடுத்தால் என்ன என்று அவர் கேட்டார். ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார். அது குழந்தைகள் நலனுக்கான பயிற்சி. வளர்ச்சியைப் பார்ப்பது, உடலைப் பரிசோதிப்பது, தாயிடம் விசாரிப்பது, எது சாதாரணம், எது டாக்டரிடம் போகவேண்டியது என்று பிரித்தறிவது.

எதிர்ப்பு இரண்டு பக்கமும் வந்தது. "நர்ஸ் எப்படி நோய் நிர்ணயம் செய்யலாம்?" என்று டாக்டர்களில் ஒரு சாரார். "டாக்டர் வேலையைச் செய்யப் போனால் நர்சிங் என்ன ஆவது?" என்று நர்சிங் பேராசிரியைகளில் ஒரு சாரார். நடுவில் நின்றார் ஃபோர்ட். அந்த வருடமே மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடுகள் சட்டமாயின. முதியோரும் ஏழைகளும் ஒரே சமயத்தில் கிளினிக் வாசலில் நின்றார்கள். பார்க்க ஆள் வேண்டும். எதிர்ப்பைவிடத் தேவை பெரிதாக இருந்தது. குழந்தைகளுக்கென்று ஆரம்பித்த தொழில் குடும்பம் முழுமைக்கும், முதியோருக்கும், மனநலத்துக்கும் விரிந்தது.

1997-ல் அமெரிக்காவின் எந்தப் பகுதியில் வேலை செய்தாலும் நர்ஸ் பிராக்டிஷனர்கள் மெடிகேரிடம் நேரடியாகக் கட்டணம் பெறலாம் என்று சட்டம் வந்தது. இன்று அவர்கள் எண்ணிக்கை நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் டாக்டரின் மேற்பார்வை ஒப்பந்தம் இல்லாமலே சுயமாகப் பரிசோதித்து, நோய் நிர்ணயம் செய்து, மருந்து எழுதலாம். பல சிறு ஊர்களில் ஜனங்களுக்குக் 'குடும்ப டாக்டர்' என்றால் அது உண்மையில் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர்தான். லொரெட்டா ஃபோர்ட் இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு 2025 ஜனவரியில் தமது 104-வது வயதில் காலமானார்.

மிச்சமும் சொச்சமும்

இப்போது நோயின் கதைக்குத் திரும்புவோம். மாத்திரை சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? யூட்டா பல்கலைக்கழகத்தில் பால் வெண்டரும் அவர் கூட்டாளிகளும் 1976-ல் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர்கள் 15 பேர்தான். ஆனால் குழந்தைக் கோளாறு என்று எண்ணியது வளர்ந்தவர்களிடமும் தொடர்கிறது, அதே மருந்துக்குப் பலரிடம் பலனும் இருக்கிறது என்று அது காட்டியது. வெண்டர் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். இன்றைய தொல்லை மட்டும் போதாது, சிறு வயதிலும் இது இருந்ததா என்று விசாரிக்க வேண்டும், முடிந்தால் பெற்றோரிடமே கேட்க வேண்டும் என்றார். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1980-ல் டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் பெரியவர்களுக்கு ஒரு சின்ன மூலை ஒதுக்கி, 'ரெசிடியூவல் டைப்' என்று பெயர் வைத்தார்கள். ரெசிடியூவல் ஸ்ட்ரெஸ் படித்த நமக்கு அர்த்தம் விளங்கும். பாரம் எடுத்த பிறகும் உள்ளே தங்கிவிடுகிற மிச்சம். கனடாவில் மாண்ட்ரியால் நகரின் கேப்ரியல் வைஸ், லிலி ஹெக்ட்மன் என்ற இரண்டு பெண் மருத்துவர்கள் துறுதுறு குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து, 1986-ல் அவர்கள் வளர்ந்த கதையைப் புத்தகமாக்கினார்கள். பலருக்குத் தொல்லை முழுதாக விடவில்லை. 1990-ல் ஆலன் ஜமெட்கின் குழுவினர் சிறு வயது முதல் இக்கோளாறுள்ள பெரியவர்களின் மூளையை பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். குளுக்கோஸ் பயன்பாட்டில் வித்தியாசம் தெரிந்தது. அதில் ஒரு சங்கதி. அந்தப் பெரியவர்கள் அனைவரும் இதே கோளாறுள்ள குழந்தைகளின் பெற்றோர்கள்.

இந்தக் கோளாறு குடும்பத்தில் தொடர்கிற ஒன்று. பிள்ளையைக் காட்ட வந்த அப்பா, டாக்டர் பட்டியல் வாசிக்கும்போது, "சார், இது என்னைப் பற்றிச் சொல்கிற மாதிரியே இருக்கே!" என்று திகைப்பது இன்றுகூட நடக்கிறது.

2013-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோதுதான் பெரியவர்களுக்குச் சரியான இடம் கிடைத்தது. பிள்ளைகளுக்கு ஒன்பதில் ஆறு அறிகுறிகள் தேவை. 17 வயதுக்கு மேல் ஐந்து போதும். ஆனால் அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, வேலை என்று குறைந்தது இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். வாழ்க்கையை உண்மையிலேயே பாதித்திருக்கவும் வேண்டும். 1968-ல் இருந்து கணக்குப் போட்டால் 45 வருடம்.

ஆறு கேள்விகள்

இதற்கு நடுவே ஹார்வர்டின் ரொனால்டு கெஸ்லர் குழுவினர் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 2005-ல் வெளியானது. மொத்தம் 18 கேள்விகள். அதில் முதல் ஆறு மட்டும் சல்லடை. ஒரு வேலையின் கடைசிச் சில்லறை விஷயங்களை முடிக்கத் திணறுகிறீர்களா? ஒழுங்குபடுத்திச் செய்கிற வேலை கஷ்டமா? சந்திப்புகளை மறக்கிறீர்களா? யோசித்துச் செய்யவேண்டியதைத் தள்ளிப் போடுகிறீர்களா? நெடுநேரம் உட்கார்ந்தால் கையும் காலும் சும்மா இருக்க மறுக்கிறதா? மோட்டார் வைத்துத் தள்ளுகிற மாதிரி ஓடுகிறீர்களா? நாலு அல்லது அதற்கு மேல் 'ஆம்' பக்கம் விழுந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போதே உங்களில் பாதிப்பேர் மனசுக்குள் டிக் அடித்திருப்பீர்கள். பரவாயில்லை, எல்லோரும் செய்வதுதான்!

2006-ல் கெஸ்லர் குழுவினர் அமெரிக்காவில் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களில் 4.4 சதவீதம் பேருக்கு இக்கோளாறு இருப்பதாக மதிப்பிட்டார்கள். அவர்களில் முந்தைய ஒரு வருடத்தில் இதற்காகச் சிகிச்சை பெற்றவர்கள் பத்தில் ஒருவர் சொச்சம்தான். மீதிப்பேர்? மனச்சோர்வுக்கு, பதற்றத்துக்கு, தூக்கமின்மைக்கு என்று ஏதாவது ஒன்றுக்காகக் குடும்பக் கிளினிக்குக்கு வந்துபோய்க் கொண்டிருந்தார்கள். மனநல மருத்துவரைப் பார்க்கப் பல ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே சுமை விழுந்தது நர்ஸ் பிராக்டிஷனர் மேஜையில். ஒரு நோயாளிக்குக் கிடைப்பதோ பதினைந்து, இருபது நிமிடம்.

"சரி, ஆறு கேள்வியைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் போயிற்று" என்று நம்மைப் போன்ற இன்ஜினியர்கள் சொல்வோம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2017-ல் இந்த ஆறு கேள்விகளைப் புதுப்பித்தார்கள். ஆய்வில் அதன் திறமை பிரமாதம். கோளாறு உள்ளவர்களில் 91.4 சதவீதம் பேரைப் பிடித்தது. இல்லாதவர்களில் 96 சதவீதம் பேரைச் சரியாக விட்டது. இப்போது 1000 பேர் வருகிறார்கள். 4.4 சதவீதம் என்றால் 44 பேருக்கு உண்மையில் இருக்கிறது. அவர்களில் 40 பேர் பிடிபடுவார்கள். மீதி 956 பேரில் நாலு சதவீதம், அதாவது 38 பேர், இல்லாமலே பிடிபடுவார்கள். ஆக வலையில் 78 பேர். உண்மையானவர் பாதிதான்! அறுபது, எழுபது ரூபாய் ஸ்விட்சைக்கூட நாம் இந்த லட்சணத்தில் டெஸ்ட் செய்து பாஸ் போட மாட்டோம். இது மனுஷன்.

கேள்வித்தாள் மேல் குற்றமில்லை. சல்லடையின் வேலை சலிப்பது. சலித்ததைப் பார்த்துப் பொறுக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பயிற்சி வேண்டும்.

குறுக்குவழி

பயிற்சி இல்லாமல் சல்லடை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2020-க்குப் பிறகு அமெரிக்கா பார்த்தது. கொரோனா வந்தது. இந்த ஊக்க மருந்துகள் அங்கே கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை, பழக்கமாகிவிடும் ஆபத்து உண்டு என்பதால். அதுவரை நேரில் பார்க்காமல் எழுதித் தருவதற்குத் தடை இருந்தது. ஊரடங்கு காரணமாக அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். உண்மையிலேயே தேவைப்பட்ட பலருக்கு அது வரப்பிரசாதம். கூடவே சில கம்பெனிகள் புகுந்தன. செல்போனில் விளம்பரம், ஒரு கேள்வித்தாள், குறுகிய வீடியோ சந்திப்பு, பிறகு மருந்துச் சீட்டு. சீட்டு எழுதியவர்களில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் கணிசம்.

2022 அக்டோபரில் அடரால் என்ற மருந்துக்குத் தட்டுப்பாடு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. 2024 ஜூனில் அப்படி ஒரு கம்பெனியின் தலைமை நிர்வாகியைக் கைது செய்தார்கள். தேவையின்றி நாலு கோடிக்கும் மேற்பட்ட மாத்திரைகள் கைமாற வழி செய்தார்கள் என்பது நீதித்துறையின் குற்றச்சாட்டு. இதில் பாதிக்கப்பட்டவர்கள் யார்? உண்மையிலேயே இந்தக் கோளாறு உள்ளவர்கள். 2023 கடைசியில் அரசு நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்த கணக்கெடுப்பில் 1 கோடியே 55 லட்சம் பெரியவர்கள் தங்களுக்கு இந்த நோய் நிர்ணயம் இருப்பதாகச் சொன்னார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு அது 18 வயதுக்குப் பிறகு கிடைத்தது. ஊக்க மருந்து சாப்பிடுபவர்களில் பத்துக்கு ஏழு பேர் கடைகடையாக அலைந்ததாகச் சொன்னார்கள்.

ஒருவரைக் கவனிக்காமல் விடுவதும் தப்பு. இல்லாத ஒருவருக்கு முத்திரை குத்துவதும் தப்பு. இரண்டும் எதிரெதிர்த் தப்புகள் போலத் தோன்றும். வேர் ஒன்றுதான். ஆளின் கதையைக் கேட்காதது.

ஏழாவது கேள்வி

வெண்டர் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? "பத்து வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள்?" என்பதுதான் அது. நான் இதை ஏழாவது கேள்வி என்று அழைக்கிறேன்.

இதன் அருமை 2015-க்குப் பிறகு இன்னும் தெளிவானது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரை ஆராய்ச்சியாளர்கள் பிறந்தது முதல் தொடர்ந்து வருகிறார்கள். 38 வயதில் இக்கோளாறின் அறிகுறி காட்டியவர்களில் பெரும்பாலோருக்குச் சிறு வயதில் அது இருந்ததாகப் பதிவே இல்லை! பெரியவர்களுக்குப் புதிதாக வருமோ என்று பெரிய விவாதம். 2018-ல் அமெரிக்காவில் மார்கரெட் சிப்லி குழுவினர் அப்படி 'தாமதமாக வந்தவர்களை' ஒவ்வொருவராகத் துருவினார்கள். பெரும்பாலோருக்குக் காரணம் வேறு. போதைப் பழக்கம், மனச்சோர்வு, பதற்றம் இப்படி. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான். குறட்டை விட்டுத் தூக்கம் கெட்டவனுக்கும் கவனம் சிதறும். தைராய்டு கோளாறுக்கும் சிதறும். கடன் தொல்லைக்கும் சிதறும்.

அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தில் வேலை பார்க்கும் நம்ம கல்லூரிக்காரர் ஒருவரின் கதையை அவர் அனுமதியோடு, அடையாளம் தவிர்த்துச் சொல்கிறேன். இங்கே படித்தபோது அவர் லேபில் புலி. பரீட்சையில் அரியர் மன்னர். "மூளை இருக்கு, சோம்பேறி" என்று எல்லோரும் சொன்னோம். அங்கே போய் மூன்று கம்பெனி மாறினார். கரண்ட் பில்லைக் கட்டப் பணம் இருந்தும் கட்ட மறந்து வீடு இருட்டானது. ஒரு கிளினிக்கில் பத்து நிமிடத்தில் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். பலனில்லை. இரண்டாவது கிளினிக்கில் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர். ஆறு கேள்வியும் கேட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையிடம் கேட்டால் உங்களைப் பற்றி என்ன சொல்வார்?" என்றார். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "அம்மா இருக்கிறார்களா? கேட்டுவிட்டு அடுத்த வாரம் வாருங்கள்."

அன்றிரவு ஊருக்குப் போன் போட்டார். அம்மா, "ஏன்டா, உன் ரேங்க் கார்டு எல்லாம் டிரங்குப் பெட்டியில பத்திரமா இருக்கு. இப்ப எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துப் படித்தார். நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, வேறு வேறு ஆசிரியர்கள், வேறு வேறு மை, ஆனால் ஏறத்தாழ ஒரே குறிப்பு. கெட்டிக்காரன், கவனம் போதாது. அம்மா கூடவே சொன்னார்: "உங்கப்பாவும் இப்படித்தான். சைக்கிளைக் கடைத்தெருவுல விட்டுட்டு நடந்து வீட்டுக்கு வருவாரு."

அடுத்த வாரம் அந்த அம்மையார் ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு பார்த்தார். குடும்பத்தில் இதய நோய் உண்டா, தூக்கம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா என்று விசாரித்தார். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார். மனச்சோர்வு உண்மையா, அல்லது இருபது வருடத் தோல்வியின் விளைவா என்று பிரித்துப் பேசினார். மூன்றாவது சந்திப்பில்தான் நோயின் பெயரைச் சொன்னார். மருந்து கொடுத்தார். கூடவே நாட்குறிப்பு, அலாரம், வேலையைத் துண்டு போட்டுச் செய்வது என்று பழக்கங்களை மாற்றும் பயிற்சிக்கும் அனுப்பினார். நம் நண்பர் இன்று அதே கம்பெனியில் நாலாவது வருடம்.

"மருந்தைவிட அந்த ரேங்க் கார்டுதாண்டா எனக்குப் பெரிசு. நான் சோம்பேறி இல்லேன்னு அதுல இருந்துதான் தெரிஞ்சுது" என்றார் என்னிடம்.

கேட்கக் கற்றுக்கொடுப்பது

இப்படிக் கேட்கத் தெரிவது பிறவித் திறமை அல்ல. கற்றுக்கொடுக்கலாம். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் பல துறைகள் உண்டு. குடும்ப நலம் படித்தவருக்கு ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் குழந்தைகள் பாடத்தில் வரும். முதியோர், பெரியவர் நலம் படித்தவருக்கு அதுவும் குறைவு. மனநலப் பிரிவினருக்கு ஆழமாக உண்டு. ஆனால் அவரிடம் நோயாளி போய்ச் சேருவதே கடினம். ஆகவே ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்குத்தான் பயிற்சி அவசியம்.

இரண்டு வழிகள் இதற்குப் பொருத்தமானவை. ஒன்று பழசு. 1963-ல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர் ஒரு பெண்ணை நோயாளியாக நடிக்கப் பழக்கி, மாணவர்களைப் பரிசோதிக்கச் சொன்னார். அன்று சிரித்தார்கள். இன்று மருத்துவம், நர்சிங் இரண்டிலும் அது வழக்கமான முறை. 'கவனமே நிற்கவில்லை' என்று ஒரே புகாரோடு மூன்று நடிகர்கள் வருவார்கள். ஒருவருக்கு ஏ.டி.எச்.டி., ஒருவருக்குத் தூக்கத்தில் மூச்சுத்தடை, ஒருவர் மாத்திரைக்காகப் பொய் சொல்பவர். யார் யார் என்று கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். துறுதுறுப்பு இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சிறு வயதைக் கழித்த பெண்ணையும் அதில் சேர்க்க வேண்டும். பெண்களிடம் இந்தக் கோளாறு காலங்காலமாகத் தப்பிப்போனதற்குக் காரணமே அவர்கள் யாருக்கும் தொந்தரவு தராததுதான்.

இன்னொன்று புதுசு. 2003-ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் டாக்டர், ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளைத் தன்னிடம் வரவழைப்பதற்குப் பதிலாக, ஊர்ஊராக உள்ள கிளினிக்காரர்களை வீடியோவில் சேர்த்து, அவர்கள் நோயாளிகளைப் பற்றியே விவாதித்துக் கற்றுக்கொடுத்தார். எக்கோ திட்டம் என்று பெயர். அம்முறை பிறகு மனநலத்துக்கும் பரவியது. நிபுணர் ஒருவர், கேட்பவர் முப்பது பேர், நிஜமான கேஸ். இரண்டு மணி நேர லெக்சரில் தூங்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது நமக்குச் சொல்லவா வேண்டும்!

கடைசியாக இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. மேலே உள்ள ஆறு கேள்வியை வைத்து உங்களுக்கு நீங்களே பட்டம் சூட்டிக்கொள்ளாதீர்கள். ராத்திரி இரண்டு மணி வரை போன் பார்த்துவிட்டுக் காலையில் கவனம் நிற்கவில்லை என்றால் அதற்குப் பெயர் வேறு. ரூம்மேட்டின் மாத்திரையைப் பரீட்சைக்காக வாங்கிப் போடாதீர்கள். இதயத்தோடு விளையாடும் மருந்து அது. ஆனால் சின்ன வயதிலிருந்தே, எவ்வளவு முயன்றாலும், வீடு, வகுப்பு, விடுதி எல்லா இடத்திலும் இதே கதைதான் என்றால், வெட்கப்படாமல் நல்ல மனநல மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அம்மாவிடம் பழைய ரேங்க் கார்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அரியர் பட்டியலில் ஒரே பெயர் ஒவ்வொரு செமஸ்டரும் வந்தால், அந்தப் பையனையோ பெண்ணையோ கூப்பிட்டுத் திட்டுவதற்கு முன்னால், தயவுசெய்து ஐந்து நிமிடம் உட்கார வைத்து ஏழாவது கேள்வியைக் கேளுங்கள். 1968-ல் கையேட்டில் எழுதிய ஒரு வரியை மாற்ற 45 வருடம் ஆனது. இதற்கு ஐந்து நிமிடம் போதும்.